மகுடேசன் பிரேக் போட்ட கதை

சோலாப்பூர்,
11-3-1995

'சரவெடி காமிக்ஸ்' புத்தகத்தில் பலூன்களுக்குள் எழுத்து எழுதுகிறவருக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் ஆசிரியருக்கு இல்லை. படம் போடுகிறவருக்கும் இல்லை. படத்தில் பேசுகிற ஆட்களின் வாய்க்கு மேலே பலூன் மாதிரி வட்டம் போட்டு, அதற்குள் கையால் எழுதுகிறீர்களே, உங்களுக்குத்தான்.

போன வாரம் நாமக்கல் லாரி ஒன்று இங்கே வெங்காயம் ஏற்ற வந்தது. டிரைவர் உங்கள் புத்தகத்தை டீக்கடை பெஞ்சில் மறந்துவிட்டுப் போய்விட்டார். 'மரணக்கிணறு மகுடேசன்: கொப்பரைச் சந்தையில் கொள்ளை'. தமிழ் எழுத்தைக் கண்ணால் பார்த்தே ரொம்ப நாள் ஆகிறது. அட்டை முதல் கடைசிப் பக்கத்து ஊறுகாய் விளம்பரம் வரைக்கும் ஒன்று விடாமல் படித்தேன். நடுவில் ஓர் இடத்தில் நின்றுபோனேன். கதைக்காக இல்லை. 'ழ'வுக்காக.

அந்த 'ழ'வின் வாலை அடுத்த எழுத்துக்கு அடிவரைக்கும் இழுத்துச் சுழித்துவிடுகிற பழக்கம் எனக்குத் தெரிந்து ஒருத்திக்குத்தான் உண்டு. தாராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதற்காக வாத்தியாரிடம் கொட்டு வாங்கியிருக்கிறாள். பெயர் பொற்கொடி. என் தங்கை. அவளைப் பார்த்துப் பதினாறு வருடம் ஆகிறது.

நீங்கள் அவள் இல்லையென்றால் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அவள்தான் என்றால், அம்மணி, உன் அண்ணன் உயிரோடுதான் இருக்கிறேன்.

கதிரேசன்


சரவெடி காமிக்ஸ்,
கோயமுத்தூர்,
27-3-1995

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் குறிப்பிடும் பெயரில் எங்கள் அலுவலகத்தில் எவரும் பணிபுரியவில்லை. எழுத்து வேலையை ஆண் ஊழியர் ஒருவர் கவனித்து வருகிறார். தொடர்ந்து படித்து ஆதரவு தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியருக்காக


சோலாப்பூர்,
9-4-1995

அம்மணி,

ஆளே இல்லை என்று எழுதுகிறவள் அதை வேறு யாரையாவது விட்டு எழுதச் சொல்லியிருக்கக் கூடாதா? 'எழுத்து' என்று ஓர் இடம், 'ஊழியர்' என்று ஓர் இடம். இரண்டு வாலும் அப்படியே நீண்டு கிடக்கின்றன. நன்றாகச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது. கோபத்தில் எழுதினாலும் உன் கையெழுத்து கோணவில்லை.

மகுடேசன் கதையும் உன்னுடையதுதான் என்று எனக்குத் தெரியும். மேலே ஆசிரியர் 'புயலேந்தி' என்று போட்டிருக்கிறது. போட்டுக்கொள்ளட்டும். வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் மகுடேசன் பெட்ரோல் டேங்கைத் தட்டி 'போலாமா கண்ணு?' என்று கேட்கிறான். நான் என் வண்டியிடம் அப்படிக் கேட்பதை நீதான் பார்த்திருக்கிறாய். வேறு எந்தப் புயலுக்கும் அது தெரியாது.

என்னை வில்லனாக்கிவிட்டாய். சரி, மீசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தப்பு. கிணற்றுச் சுவரில் சுற்றும்போது போலீஸைப் பார்த்து மகுடேசன் சடக்கென்று பிரேக் போடுகிறான். அங்கே பிரேக் போட்டால் செத்தான். வேகம்தான் வண்டியைச் சுவரோடு ஒட்ட வைக்கிறது. அதை நான் சொல்லாமல் யார் சொல்வது? திருவிழா மேளாக்களில் அந்த மாதிரி மரணக்கிணற்றில் வருடக்கணக்காக ஓட்டியிருக்கிறேன். இப்போது ஓட்டுவதில்லை. ஒரு கால் சரியில்லை. அதே கம்பெனியில் வண்டிகளைப் பழுது பார்க்கிறேன். மேளா எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊருக்குப் போவேன். ஆட்டம் இல்லாத மாதங்களில் இங்கே வந்து கிடப்பேன்.

தமிழ் பேச ஆளில்லை. உன் பலூன்களைச் சத்தம் போட்டுப் படிக்கிறேன். மகுடேசனுக்கு ஒரு குரல், இன்ஸ்பெக்டருக்கு ஒரு குரல். பக்கத்துக் கூடாரக்காரன் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறான்.

அம்மா எப்படி இருக்கிறார்? அப்பா?

கதிரேசன்


கோயமுத்தூர்,
30-4-1995

அண்ணனுக்கு,

நான்தான். போதுமா?

அப்பா நீங்கள் போன மறு வருடமே போய்விட்டார். அம்மா போய் நாலு வருடம் ஆகிறது. உங்களுக்குச் சொல்லி அனுப்ப விலாசம் இல்லை. கொள்ளிக்குடம் தூக்க பங்காளி வீட்டிலிருந்து ஆள் வந்தது.

நான் கோயமுத்தூருக்கு வந்து, உக்கடத்தில் இருக்கிற இந்த அச்சகத்தில் சேர்ந்தேன். முதலாளி சென்னிமலை நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். முதலில் வெளிநாட்டுப் படக்கதைகளுக்குத் தமிழ் பலூன் மட்டும் எழுதினேன். ஒரு மாதம் கதை எழுதுகிறவர் கதை தராமல் கைவிரித்துவிட்டார். நான் ஒன்று எழுதிக் கொடுத்தேன். அதுதான் மகுடேசன். பொம்பளை எழுதினது என்று தெரிந்தால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்று முதலாளி 'புயலேந்தி' என்று போட்டுவிட்டார்.

மகுடேசன் எப்படி வில்லன் ஆனான் என்று பன்னிரண்டாவது இதழில் இருக்கிறது. உங்கள் லாரி டிரைவர்கள் அதை மறந்து வைக்கவில்லை போலிருக்கிறது. நானே சொல்கிறேன். அவன் கல்யாணத்தன்று காலையில் வண்டிச் சத்தம் கேட்டு மணவறைக்கு வராமல் ஓடிவிடுகிறான். அவனுக்கு உயரம் பிடிக்கும், வேகம் பிடிக்கும், கிறுகிறுப்பு பிடிக்கும். மனிதர்களைப் பிடிக்காது. கொப்பரையைக் கொள்ளையடித்தாலும் ஆற்றில்தான் கொட்டுவான். கூட்டம் கைதட்டும். அவன் திரும்பியே பார்க்க மாட்டான்.

நீங்கள் திரும்பிப் பார்த்தீர்களா? அந்தக் காலையில் நான் வீட்டின் பின்பக்கம் பருத்தி அறையில் இருந்தேன். என் வீட்டுக்காரர் மோட்டார் ரூமில் ஷாக் அடித்துப் போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. விசேஷத்தில் முகம் காட்டக் கூடாது என்று உட்கார வைத்திருந்தார்கள். நீங்கள் ஜன்னலுக்கு வந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்து நான் கேட்டது உங்கள் வண்டிச் சத்தம்தான்.

அதை நஞ்சுண்டன் மாமன் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். "வேறொண்ணுமில்லீங்க, அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துப்போட்டான். அதான் புத்தி கெட்டுப்போச்சு" என்று சபையில் சொன்னார். அன்றிலிருந்து ஊருக்கு நான்தான் காரணம். அப்பா செத்ததற்கும் நான்தான். மழை இல்லாததற்கும் நான்தான் என்று சொன்னவர்கள் உண்டு.

இங்கே கணபதி ஏரியாவில் ஒரு ரூமில் இருக்கிறேன். பொள்ளாச்சியிலிருந்தும் காரமடையிலிருந்தும் பையன்கள் மகுடேசனுக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதுகிறார்கள். எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் போடுகிறேன். எனக்கென்று வந்த கடிதம் உங்களுடையது ஒன்றுதான்.

தீபாவளி மலரில் மகுடேசனைக் கொன்றுவிட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவனைப் பார்த்து ஒரு பையன் காம்பவுண்டு சுவர் மேல் சைக்கிள் ஓட்டிக் கையை உடைத்துக்கொண்டானாம், பெற்றவர்கள் வந்து சத்தம் போட்டார்கள். கொல்வதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. உங்கள் கடிதம் வராமல் இருந்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

பொற்கொடி


சோலாப்பூர்,
21-5-1995

அம்மணி,

அம்மா போன சேதியைப் படித்துவிட்டு ஒரு வேலையும் ஓடவில்லை. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நஞ்சுண்டன் மாமன் பார்த்தது பொய் இல்லை. ஜன்னலுக்கு வந்தேன், உன்னைப் பார்த்தேன், பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். ஆனால் அவர் புரிந்துகொண்டது தலைகீழ்.

கல்யாணப் பத்திரிகை உறை அத்தனையிலும் விலாசம் எழுதியது யார்? நீ. "எங்க பொற்கொடி எழுத்துன்னா அச்சுத்தானுங்க" என்று அப்பா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு இருந்தார். அன்று காலையில் என் தலையில் உருமால் கட்டினார்கள். அடுத்தது இணைச்சீர். கூடப் பிறந்தவள் பேழைமூடிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்க, கூறைச்சேலையின் ஒரு நுனி அவள் கையில், ஒரு நுனி என் கையில். அது முடியாமல் நம் பக்கத்தில் எவனும் மாப்பிள்ளை ஆக முடியாது. சின்ன வயதில் நாம் துண்டைப் பிடித்துக்கொண்டு விளையாடியிருக்கிறோம், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கூடை என்று ஓட்டைச் சொளகை இடுக்கிக்கொள்வாய்.

அன்றைக்குத் திரும்பிப் பார்த்தால் பெரியப்பா மகள் பழனியாத்தாள் பேழைமூடியோடு நிற்கிறாள். "பொற்கொடி எங்கீங்கம்மா?" என்றேன். "அவ பேச்ச இப்ப எடுக்காத சாமி" என்றார் அம்மா. தேடிக்கொண்டு பின்பக்கம் வந்தேன். நீ பருத்தி மூட்டை மேல் உட்கார்ந்து சீர்ப் பாத்திரங்களுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தாய். அன்றைக்கும் எழுத்து வேலை. உன் எழுத்து சபைக்கு ஆகும், நீ ஆக மாட்டாய்.

வேறு ஒருத்தி நுனியைப் பிடிக்க நான் இளித்துக்கொண்டு நிற்பதா என்று தோன்றியது. வண்டியை எடுத்துவிட்டேன். கிறுகிறுப்புக்காக ஓடவில்லை, அம்மணி. உனக்காகத்தான் ஓடினேன்.

கதிரேசன்


கோயமுத்தூர்,
12-6-1995

அண்ணனுக்கு,

எனக்காக ஓடினீர்களா? என்னைக் கேட்டீர்களா?

ஜன்னல் வரைக்கும் வந்தவர் இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் கதவு. தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. திறந்து, 'வா அம்மணி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் வந்திருப்பேனா, மாட்டேனா என்று எனக்கே தெரியாது. கூப்பிட்டார் என்றாவது இருந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ பேச்சைத் தாங்கியிருப்பேன்.

சுவர் மேல் வண்டி ஓட்டுகிற ஆளுக்கு ஒரு கதவைத் திறக்க தைரியம் வரவில்லை. மகுடேசனை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். இனிமேல் கடிதம் போட வேண்டாம்.

பொற்கொடி


சோலாப்பூர்,
16-7-1995

அம்மணி,

போட வேண்டாம் என்றாய். போடுகிறேன். நீ கதவைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ சொன்னது சரி. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கிணற்றுக்குள் என்ன தெரியும் என்று உன் கதையில் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன். மேலே விளிம்பில் சுற்றிலும் ஜனம் எட்டிப் பார்க்கும். வேகம் எடுத்துவிட்டால் முகமெல்லாம் சேர்ந்து ஒரே கோடு ஆகிவிடும். ஒருத்தர் முகமும் தனியாகத் தெரியாது. எனக்கு அது வசதியாக இருந்தது. யாரையும் பார்க்க வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்து கீழே நின்றால் போதும், அந்த ஜன்னல் வந்துவிடும். அதனால் அடுத்த ஆட்டத்துக்கும் நானே ஏறுவேன். மற்றவர்கள் அதைத் துணிச்சல் என்றார்கள்.

ஒரு நாள் செயின் அறுந்து விழுந்தேன். அதற்குப் பிறகு கட்டிலோடு கிடந்த நாட்களில் ஒரு முகம் தனியாகத் தெரிந்தது. டிக்கெட் கொடுக்கிற சாந்தாபாய். கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் குடிக்கிற வரைக்கும் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். மராட்டி, அப்போது பாதி எனக்குப் புரியாது. திட்டுகிறாள் என்று மட்டும் புரியும்.

வருகிற கார்த்திகையில் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். இந்த வயதில் என்ன கல்யாணம் என்று நினைக்காதே. இங்கே பந்தல் இல்லை, நாதஸ்வரம் இல்லை, மங்கல வாழ்த்துப் பாட ஆள் இல்லை. எனக்கு அதெல்லாம் வேண்டியதும் இல்லை. இணைச்சீர் மட்டும் வேண்டும். நீ வந்து நிற்க வேண்டும்.

இன்னொன்று. கிணற்றில் பிரேக் போடக் கூடாது என்று எழுதினேன். அப்படியானால் இறங்குவது எப்படி என்று நீ கேட்கவில்லை. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அடியில் இருக்கிற சரிவுப் பலகைக்கு வர வேண்டும். அதற்குப் பிறகு பிரேக் போடலாம். ஏறுவதைவிட அதுதான் கஷ்டம். கைதட்டுகிறவர்களுக்கு அது தெரியாது.

கதிரேசன்


கோயமுத்தூர்,
20-8-1995

அண்ணனுக்கு,

கல்யாணச் சேதி சந்தோஷம். அதைப் படித்ததும் அச்சகத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். இது பொய் இல்லை.

ஆனால் என்னால் முடியாது. ஊர் சொன்னதை நான் நம்பவில்லை என்று சொல்லத்தான் ஆசை. கேட்டுக் கேட்டுப் பாதி உள்ளே தங்கிவிட்டது. நான் அந்த நுனியைப் பிடித்து நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால்? இப்போது யாரும் என்னைக் குறை சொல்ல அங்கே இருக்க மாட்டார்கள். நானே சொல்லிக்கொள்வேன். அதை என்னால் தாங்க முடியாது. இருக்கிற ஒரே அண்ணன் எங்கேயோ ஓர் ஊரில் நன்றாக இருக்கிறார் என்று தெரிந்தால் எனக்குப் போதும். சாயங்காலம் ரூமுக்குப் போய் விளக்கைப் போடும்போது நினைத்துக்கொள்ள அது ஒன்று இருக்கும்.

பழனியாத்தாளுக்கு எழுதுங்கள். அவள் தாராபுரத்தில்தான் இருக்கிறாள். வருவாள்.

தீபாவளி மலருக்குக் கதை கேட்டு முதலாளி தினமும் நச்சரிக்கிறார். மகுடேசன் எப்படிச் சாகிறான் என்று இன்னும் எழுதவில்லை.

பொற்கொடி


சோலாப்பூர்,
10-9-1995

அம்மணி,

உன் கடிதத்தை சாந்தாபாய்க்கு வரிக்கு வரி சொன்னேன். பருத்தி அறைக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்படியானால் கல்யாணத்தன்றைக்கு நானும் பருத்தி ரூமில்தான் உட்கார வேண்டுமா?" என்று கேட்டாள்.

உனக்கு நான் சொல்லவில்லை. அவள் புருஷன் இதே கிணற்றில் விழுந்து இறந்தவன். அவன் ஓட்டிய வண்டியைத்தான் நான் ஓட்டினேன். மணவறையில் உட்காருகிறவளே அப்படி இருக்கும்போது, பக்கத்தில் நிற்கிறவளால் எனக்கு என்ன வந்துவிடும்?

பழனியாத்தாளுக்கு எழுத மாட்டேன். நீ வரவில்லையென்றால் அந்த நுனியை யாரும் பிடிக்க வேண்டாம், தரையில் கிடக்கட்டும். ஒரு நுனியை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். இந்தத் தடவை ஓட மாட்டேன்.

அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன். வா அம்மணி.

கதிரேசன்


கோயமுத்தூர்,
2-11-1995

அண்ணா,

தீபாவளி மலர் வந்துவிட்டது. தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கடைசிக் கதையை முதலாளி படித்துவிட்டு, "ஏம்மணி, கொல்லச் சொன்னா இவன எறக்கி உட்டிருக்கறயே" என்று குதித்தார். போலீஸ் சுற்றி நிற்கிறது, கூட்டம் கத்துகிறது. மகுடேசன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறான். சரிவுப் பலகைக்கு வருகிறான். பிரேக் போடுகிறான். நீங்கள் சொன்னபடிதான், இந்தத் தடவை தப்பு இருக்காது. வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நடந்து போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறான். கடைசிப் படத்தில் ஆளே இல்லை, கதவு மட்டும்தான். உள்ளே இருந்து ஒரு பலூன்: 'திறந்துதான் இருக்குது, வாங்க.'

"உள்ள யாரு?" என்று முதலாளி கேட்டார். "அது அவங்க வீட்டு விசயமுங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அச்சுக்கு அனுப்பினார். பையன்களிடமிருந்து ஏச்சுக் கடிதங்கள் வருகின்றன. மகுடேசன் கோழை ஆகிவிட்டானாம். பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று தாராபுரம் போனேன். ஊரைவிட்டு வந்த பிறகு அந்தப் பக்கம் போவது இதுதான் முதல் தடவை. பஸ் அமராவதிப் பாலம் ஏறும்போது இறங்கித் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். பழனியாத்தாள் வீட்டு வாசலில் நின்று விசயத்தைச் சொன்னேன். அவள் உள்ளே போய் அந்தப் பேழைமூடியை எடுத்து வந்தாள். அதேதான், அண்ணா. கொள்ளு போட்டு வைத்திருந்திருக்கிறாள். கவிழ்த்துத் தட்டி, முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள். "அன்னிக்கு இத இடுக்கிட்டு நின்னதுக்கு எனக்கு இன்னும் கூச்சமா இருக்குது கண்ணு. எடுத்துட்டுப் போ" என்றாள். சாப்பிடாமல் விடவில்லை.

கோயமுத்தூர் பஸ்ஸில் நல்ல கூட்டம். பேழைமூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் வழியில் ஏறிய ஓர் அம்மா. என் நெற்றியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மணி, யாருக்குங்க கல்யாணம்?"

"எங்க அண்ணனுக்குங்க."

"பேழைமூடி எடுத்துட்டுப் போறீங்க. இணைச்சீருக்கு யாரு நிக்கறாங்க?"

பொய் சொல்ல ஒரு பெயர்கூட வாயில் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

"நான்தானுங்க" என்றேன்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த அம்மா தன் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, "கூடைய நடுவுல வெய்யுங்க, நசுங்கிப்போயிரும்" என்றார்.

அடுத்த வாரம் பம்பாய் ரயிலில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். சேலை சாந்தா அண்ணிக்குப் பிடித்த நிறத்தில் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். ஸ்டேஷனுக்கு நீங்களே வாருங்கள், எனக்கு அந்தப் பாஷை தெரியாது.

பொற்கொடி